ஒரே பெட்டியில் விண்டோஸ் 98-உம் எக்ஸ்பியும்: மூத்தவருக்கு முதல் இலை

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும்தான் அதிகம் அடிப்பார்கள். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் விண்டோஸ் 98, அதில் ஒரு பழைய தமிழ் டிடிபி மென்பொருள், அதாவது அச்சுக்குப் பக்கம் அமைப்பது. அந்த மென்பொருள் திறக்க வேண்டுமானால் பெட்டியின் பின்னால் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் செருகும் துளை) உரிமத்துக்குச் சாட்சியாக ஒரு லாக் செருகியிருக்க வேண்டும், அந்த லாக்கை விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் 98க்கு மட்டும்தான் வந்தது. இன்னொன்றில் எக்ஸ்பி, ட்ரேசிங் பேப்பர் எடுக்கிற லேசர் பிரிண்டர் அதில்தான் ஓடும். ஒரு நாள் 98 ஓடிய பெட்டியின் மதர்போர்டு போய்விட்டது, திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் எல்லாம் தலை உப்பி நின்றன.

"தம்பி, ரெண்டையும் இந்த ஒரு பெட்டிலயே போட முடியுமா?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

"போடலாம்ணே. ஆனா ஒரு நாள் முழுக்க பெட்டிய எங்கிட்ட விட்டுடணும்."

அந்த ஒரு நாளில் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். உங்களிடமும் பழைய லாக், பழைய ஸ்கேனர், பழைய கணக்கு புரோகிராம் என்று ஏதாவது ஒன்று 98-ஐ விட்டு வரமாட்டேன் என்று நின்றால் இது உதவும். எக்ஸ்பிக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினில், அதாவது மென்பொருளால் உண்டாக்கும் பாவனைக் கம்ப்யூட்டரில், 98-ஐ ஓட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். 512 எம்பி ராம் உள்ள பெட்டியில் அது மூச்சு வாங்கும், அதோடு பேரலல் போர்ட் லாக்கை விர்ச்சுவல் மெஷின் ஒழுங்காகக் காட்டும் என்று நம்பி உட்கார முடியாது. நிஜப் பெட்டியில் போடுவதுதான் சரி.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும், மற்ற எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் வருகின்றன. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு வந்தது 1999, எக்ஸ்பி வந்தது 2001. எக்ஸ்பிக்கு 98-ஐத் தெரியும், ஏற்கெனவே வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று பார்த்து அவருக்கும் மெனுவில் ஒரு வரி ஒதுக்கிக் கொடுக்கும். 98க்கு எக்ஸ்பி என்று ஒன்று வரப்போவதே தெரியாது, பின்னால் வந்து உட்கார்ந்தால் டிஸ்க்கின் முகப்பில் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும், எக்ஸ்பி டிஸ்க்கிலேயே இருந்தாலும் அதைத் திறக்க மெனு இருக்காது. அதனால் பந்தியில் செய்வது போலத்தான், மூத்தவருக்கு முதல் இலை. 98 முதலில், எக்ஸ்பி பிறகு. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு முறை இதை மாற்றிச் செய்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எக்ஸ்பி மெனு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அதைச் சரி செய்யும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவதும் இதே மாதிரிதான். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் 98க்கு ஃபேட்32 போன்ற ஃபேட் வகைகளை மட்டும்தான் படிக்கத் தெரியும், என்டிஎஃப்எஸ் என்ற புதிய முறையில் இருக்கும் டிரைவ் அதன் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்பி இரண்டையும் படிக்கும். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஃபைல் வைக்கிற இடம் ஃபேட்32 ஆக இருக்க வேண்டும்.

பெட்டியைத் தயார் செய்வது

எனக்குக் கிடைத்தது இன்டெல் 845 சிப்செட் போர்டு, பென்டியம் 4. இந்த வயதுப் பெட்டிதான் இந்த வேலைக்குப் பொருத்தம். ரொம்பப் புதுப் பெட்டி என்றால் 98க்கு சிப்செட் டிரைவர், டிஸ்ப்ளே டிரைவர் கிடைக்காது, 16 கலரில் பெரிய பெரிய ஐகானோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னாலேயே போர்டின் மாடல் நம்பரைப் பார்த்து 98க்கு டிரைவர் இருக்கிறதா என்று தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடியைத் திறந்ததும் ராமைக் கழற்றி அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடுங்கள். உப்புக் காற்று அங்கே மெல்லிசாகப் படலம் கட்டிவிடுகிறது, இன்ஸ்டால் பாதியில் காரணமே இல்லாமல் நின்றால் பல நேரம் இதுதான் காரணம். சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதியும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) செட்டிங்கும் அழிந்து போகும்.

ராம் 512 எம்பிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் 98 தன் கேச்சுக்கு, அதாவது டிஸ்க்கில் படித்ததை ராமில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு, எவ்வளவு எடுப்பது என்று குழம்பி, மெமரி போதவில்லை என்று சொல்லும். ஒரு ஜிபியைத் தாண்டினால் பல பெட்டிகளில் திறக்கவே திறக்காது. எளிய வழி, ஒரு குச்சியைக் கழற்றி வைத்துவிடுவது. 512க்குக் கொஞ்சம் மேலே இருந்து, கழற்ற மனம் இல்லை என்றால், விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறந்து, விகேச் என்று சதுர அடைப்புக்குள் இருக்கும் தலைப்பின் கீழே மேக்ஸ், ஃபைல், கேச் என்ற மூன்று ஆங்கிலச் சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதி, சமக்குறி போட்டு 262144 என்று கொடுங்கள். அது கேபி கணக்கு, அதாவது 256 எம்பி.

ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை நான் 40 ஜிபி ஐடிஇ (அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க்கைத்தான் சிபாரிசு செய்வேன். 98-இல் டிஸ்க்கைப் பிரிக்கும் புரோகிராமான எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைத் தப்பாகக் காட்டும், 80 ஜிபி டிஸ்க்கைப் போட்டால் ஏதோ 10 ஜிபி போல எண் வரும். 137 ஜிபிக்கு மேல் போனால் இன்னும் ஆபத்து, அந்த எல்லையைத் தாண்டி 98 எழுதும்போது டேட்டாவே கெட்டுப்போகும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடங்களில் பழைய சாமான் விரிக்கிறவர்களிடம் ஐடிஇ கேபிள், ஃப்ளாப்பி டிரைவ் எல்லாம் பொறுமையாகத் தேடினால் மாட்டும். டிஸ்க்கை வாங்கினால் மட்டும் ஓட்டிப் பார்த்து, டிக் டிக் சத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

இதைத் தயவுசெய்து கேளுங்கள்: பழைய டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். அச்சகத்தின் பழைய 98 டிஸ்க்கை நான் கழற்றி, பேப்பரில் சுற்றி, தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். அதில் இருபது வருடத்துப் பத்திரிகைகள் இருக்கின்றன. எஃப்டிஸ்க்கில் ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தினால் அதெல்லாம் போய்விடும்.

டிஸ்க்கைப் பிரிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று டிரைவ்: சி 98க்கு, டி இரண்டுக்கும் பொதுவானது, ஈ எக்ஸ்பிக்கு. எக்ஸ்பியை ஏன் நடுவில் வைக்காமல் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், 98க்கு என்டிஎஃப்எஸ் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, எக்ஸ்பி நடுவில் இருந்தால் 98 அதைத் தாண்டிப் போய் அடுத்த டிரைவை டி என்று அழைக்கும், எக்ஸ்பியோ அதையே ஈ என்று அழைக்கும். ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர். பேஜ்மேக்கர் என்ற டிடிபி மென்பொருளின் ஃபைலில் இணைத்த படம் எல்லாம் ஒன்றில் தெரியும், இன்னொன்றில் காணாமல் போகும். பொது டிரைவ் நடுவில் இருந்தால் இரண்டிலும் அது டி தான்.

98-இன் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பியைப் போட்டுப் பெட்டியை ஆன் செய்யுங்கள். ஃப்ளாப்பி இல்லையென்றால், ஓடுகிற ஒரு 98 மெஷினில் கன்ட்ரோல் பேனலில் ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ் போய் ஸ்டார்ட்அப் டிஸ்க் என்ற தாவலில் செய்துகொள்ளலாம். மெனுவில் சிடி-ராம் சப்போர்ட்டோடு தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, கர்சர் வந்ததும் எஃப்டிஸ்க் என்று அடித்து என்டர். பெரிய டிஸ்க் சப்போர்ட் வேண்டுமா என்று கேட்கும், ஒய் கொடுங்கள், அதுதான் ஃபேட்32க்கு அனுமதி.

பிறகு 1, மறுபடி 1, பிரைமரி பார்ட்டிஷன். டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று சதவீதம் மெதுவாக ஏறும். முடிந்ததும் முழு இடத்தையும் இதற்கே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, பதிலாக ஒய் என்பதையும் அதுவே எழுதி வைத்திருக்கும். வெறுமனே என்டர் தட்டினால் 40 ஜிபியும் சி ஆகிவிடும். அதை மாற்றி, நோ என்பதன் முதல் ஆங்கில எழுத்தைக் கொடுங்கள். மறுபடி சதவீதம் ஏறும், பிறகு அளவு கேட்கும், 8000 என்று கொடுங்கள், எம்பி கணக்கு. 98க்கு 8 ஜிபி தாராளம்.

எஸ்கேப் அடித்து வெளியே வந்து 1, பிறகு 2, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். இதற்கு மீதி முழுவதையும் கொடுக்கலாம். எஸ்கேப் அடித்ததும் அதுவே லாஜிக்கல் டிரைவ் அளவைக் கேட்கும். 15000 கொடுத்தால் டி, மிச்சம் இருப்பதை அப்படியே கொடுத்தால் ஈ. கடைசியாக முதல் மெனுவுக்கு வந்து 2 அழுத்தி சி டிரைவை ஆக்டிவ் ஆக்குங்கள். இதை மறந்தால் எல்லாம் போட்டு முடித்த பிறகும் பெட்டி டிஸ்க்கில் இருந்து திறக்காது.

ஃப்ளாப்பியிலேயே ரீஸ்டார்ட் செய்து, சி டிரைவையும் டி டிரைவையும் ஃபார்மட் செய்யுங்கள். ஈ டிரைவைத் தொட வேண்டாம், அது எக்ஸ்பியின் வேலை.

விண்டோஸ் 98

இந்த இடத்தில் நிறையப் பேர் சிடி எங்கே என்று தடுமாறுவார்கள். ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பி, ராமில் ஒரு தற்காலிக டிரைவ் உண்டாக்கி அதற்கும் ஒரு எழுத்து கொடுத்துவிடும். சி, டி, ஈ நம்முடையவை, எஃப் அந்தத் தற்காலிக டிரைவ், ஆகவே சிடி ஜி ஆகிவிடும். திறக்கும்போதே டயக்னாஸ்டிக் டூல்ஸ் இந்த டிரைவில் ஏற்றப்பட்டன என்று ஒரு வரி ஓடும், அதில் என்ன எழுத்து வருகிறதோ அதற்கு அடுத்த எழுத்துதான் சிடி.

சிடியில் வின்98 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நேராக சிடியில் இருந்து செட்டப் ஓட்டாமல், சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் உள்ள ஃபைல்களை எல்லாம் காப்பி செய்து, அங்கிருந்து செட்டப் ஓட்டுங்கள். பிறகு ஒரு பிரிண்டர் சேர்த்தாலும் ஒரு டிரைவர் போட்டாலும் 98 தன் சிடியைக் கேட்கும் பழக்கம் உள்ளது, ஃபைல் டிஸ்க்கிலேயே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சிடி உறையில் இருக்கும் 25 எழுத்துக் கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் ஃப்ளாப்பியை எடுத்துவிடுங்கள். மற்றபடி அது கேட்பதற்கெல்லாம் ஓகே கொடுத்துப் போகலாம், இரண்டு மூன்று தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

டெஸ்க்டாப் வந்ததும் டிரைவர்கள். சிப்செட் முதலில், பிறகு டிஸ்ப்ளே, பிறகு சவுண்ட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பென் டிரைவ் செருகினால் 98 இரண்டாம் பதிப்பு அதற்கு டிரைவர் கேட்டு நிற்கும், இப்போது விற்கும் பென் டிரைவ்களோடு 98க்கு டிரைவர் எதுவும் தருவதில்லை. அதனால் எல்லா டிரைவரையும் முன்பே ஒரு சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி வந்த பிறகு இந்தக் கவலை போய்விடும்: பென் டிரைவை எக்ஸ்பியில் செருகி, ஃபைலை டி டிரைவில் போட்டுவிட்டு, 98-இல் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பிக்குப் போவதற்கு முன் 98-இல் நீங்கள் எதற்காக இவ்வளவும் செய்கிறீர்களோ அதை ஓட்டிப் பாருங்கள். நான் லாக்கைச் செருகி, டிடிபி மென்பொருளைப் போட்டு, ஒரு பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்தேன். "நிகழும் மங்களகரமான" என்று எழுத்து சிதையாமல் வந்து நின்றபோது பின்னால் நின்ற அச்சகக்காரர் ஒன்றும் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அது ஓடாவிட்டால் எக்ஸ்பி போட்டுப் பயன் இல்லை, அங்கேயே நின்று அதைச் சரி செய்யுங்கள்.

எக்ஸ்பி

98 ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்பி சிடியைப் போடாதீர்கள். போட்டால் தானாக ஒரு திரை வந்து அப்கிரேடு செய்யட்டுமா என்று கேட்கும், சரி என்றால் 98-இன் மேலேயே எக்ஸ்பி ஏறிவிடும். பெட்டியை அணைத்து, பயாஸில் சிடி முதலில் திறக்கும்படி வைத்து, சிடியில் இருந்து தொடங்குங்கள். ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று சொல்லும், சில விநாடிதான் காத்திருக்கும். சாட்டா (ஐடிஇக்கு அடுத்து வந்த வகை) டிஸ்க் உள்ள கொஞ்சம் புதிய போர்டு என்றால் பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நீலத் திரையில் கடைசியில் 7பி என்று முடியும் எண்ணோடு நின்றுவிடும்.

என்டர், பிறகு உரிமப் பக்கத்தில் எஃப்8. பார்ட்டிஷன் பட்டியல் வரும். அம்புக்குறியை ஈ டிரைவில் கொண்டுபோய் நிறுத்துங்கள், அளவையும் பாருங்கள், 15000க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். என்டர் அழுத்தி என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். இந்தத் திரையில் கீபோர்டின் டி எழுத்தை மட்டும் அழுத்தவே கூடாது, அது டி டிரைவுக்குப் போவதற்கு அல்ல, பார்ட்டிஷனை அழிப்பதற்கு.

பிறகு காப்பி, ரீஸ்டார்ட், இன்னும் 39 நிமிடம் என்று இடப்பக்கம் ஒரு வரி. போய் டீ குடித்துவிட்டு வரலாம். இதற்கும் 25 எழுத்துக் கீ வேண்டும். சிடியில் சர்வீஸ் பேக் 3 சேர்ந்தே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முடித்த பிறகு தனியாகப் போடுங்கள்.

இனிமேல் பெட்டியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும், ஒன்று எக்ஸ்பி, இன்னொன்று வெறும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ். இரண்டாவதுதான் 98. அந்தப் பெயரை மாற்ற, எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி, அங்கே எடிட். பூட்.ஐஎன்ஐ திறக்கும். கடைசி வரியில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை மட்டும் மாற்றுங்கள், மற்ற எதையும் தொட வேண்டாம். 30 விநாடி காத்திருப்பதைப் பத்தாகக் குறைக்கலாம். அச்சகத்தில் தினமும் முதலில் 98தான் வேண்டும் என்பதால் அதையே டிஃபால்ட் ஆக்கிக் கொடுத்தேன்.

தமிழுக்கு ஒரு வேலை பாக்கி. எக்ஸ்பி கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லேங்குவேஜ், லேங்குவேஜஸ் தாவலில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தொடங்கும் பெட்டியில் டிக் செய்து, சிடியைக் கொடுத்தால் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். பழைய மேட்டரை 98-இல் திறந்து டெக்ஸ்டாக டி டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் எழுத்துரு டாப், டாம், பாமினி போன்றவற்றில் ஒன்றாக இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றைக் கொண்டு எக்ஸ்பி பக்கம் யூனிகோடாக மாற்றிவிடலாம்.

தினசரிப் பழக்கம்

டி டிரைவில் வைக்கும் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். எக்ஸ்பியில் அழகாகத் தெரியும், 98-இல் வெறும் அடிக்கோடுகளாக வந்து திறக்காது. ஒரு புரோகிராம் இரண்டிலும் வேண்டுமானால் இரண்டிலும் தனித்தனியாக, தனித்தனி டிரைவில் இன்ஸ்டால் செய்யுங்கள். எக்ஸ்பியை ஹைபர்னேட் செய்துவிட்டு 98-இல் வேலை பார்க்காதீர்கள், எக்ஸ்பி திரும்ப எழும்போது டிஸ்க் தான் விட்டபடியே இருப்பதாக நினைத்து எழுதும், டி டிரைவ் குழம்பிவிடும். முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். யூபிஎஸ் கட்டாயம், கடலூரில் தானே புயல் அடித்த 2011 டிசம்பருக்குப் பிறகு கரண்ட் வந்து வந்து போன நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட் கேபிளைச் செருகவே வேண்டாம். 98க்கு 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஒரு கிருமி வந்தால் தடுக்க இரண்டிலும் ஆள் இல்லை. பென் டிரைவையும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

சி டிரைவில் மறைந்திருக்கும் நான்கு ஃபைல்களை எக்ஸ்பியில் இருந்து ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்: பூட்.ஐஎன்ஐ, என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம், பூட்செக்ட்.டாஸ். கடைசியில் உள்ளதில்தான் 98-ஐத் திறக்கும் சாவி இருக்கிறது.

என்றாவது 98-ஐத் திரும்பப் போட நேர்ந்தால் மெனு காணாமல் போகும். பயப்பட வேண்டாம், எக்ஸ்பி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. எக்ஸ்பி சிடியில் திறந்து முதல் திரையில் ஆர் அழுத்துங்கள், எந்த விண்டோஸ் என்று கேட்கும், எண்ணைக் கொடுத்து அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஃபிக்ஸ்பூட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு சி, அதை ஒட்டி முக்காற்புள்ளி, என்டர். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்தால் மெனு திரும்பியிருக்கும்.

அச்சகப் பெட்டியின் பக்கவாட்டில் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சி 98, டி பொது, ஈ எக்ஸ்பி; லாக்கைக் கழற்றாதே; பழைய டிஸ்க் மேல் அலமாரியில்.